ஓய்வுக் காலத்தில் உறுதி கொள்ளல்

(உபாசகர், உபாசிகைகளுக்கான பாடம்)



இப்பாடம் ஓய்வு பெற்றோருக்கும், சில ஆண்டுகளில் ஓய்வு பெறவிருப்போருக்கும், அவர்களை இல்லத்தில் வைத்துப் பேணும் மக்களுக்கும் உரியது. யான் செய்த ஒரு பிழையே இதனை எழுதத் தூண்டியது. ஆதலின் அப்பிழையை முதலில் கூறிவிடுகிறேன்.

யான் நூற்பாலையில் 22 ஆண்டுகள் உழைத்தவன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பின்னர்க் கற்றதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் வாங்கிய பழைய நூல்களாலும், ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் கொணர்ந்த நூல்களாலும் கற்றதே. என்னுடன் ஸ்பின்னிங் இலாகாவில் வேலை செய்த மூத்தவர் ஒருவர் 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் நாள்தோறும் விடியுமுன் எழுவார், குளித்துச் சட்டை அணிந்து வாயிற்படியில் வந்து அமர்வார், எங்கும் போகமாட்டார். ஒருநாள் அவ்வழியே சென்ற என்னை நிறுத்தி, "தம்பி, ஆலைச் சங்கு ஊதிய காலத்தில் பொழுது தானாக விடிந்தது. இப்போது ஒவ்வொரு நாளையும் நானல்லவா விடிய வைக்க வேண்டியிருக்கிறது! நான் என்ன செய்ய?" என்று வினவினார்.

அப்போது யான் பிரசங்கம் செய்யத் தொடங்கிய புதிது. நாவில் சொற்கள் நிறைந்திருந்தன. பிறர் நெஞ்சைக் காணும் கண் இல்லை. "அண்ணே, ஆசையே துன்பத்திற்கு வேர் என்று பகவான் போதித்துள்ளார். இனி எதையும் நாடாதீர்கள். ஒன்றும் வேண்டாமென்று அமைதியாய் இருங்கள்" என்று சொல்லி, நற்போதனை செய்துவிட்டதாக மகிழ்ந்து வந்துவிட்டேன்.

ஆறு திங்கள் கழித்து அவருடைய மனைவியார் சங்கத்திற்கு வந்தார். "தம்பி, நீங்கள் வந்து பேசிப்போனதிலிருந்து அவர் எதையும் கேட்பதில்லை. பசித்தாலும் சோறு கேட்பதில்லை" என்றார். அவ்வம்மையார் என்னைப் பழிக்கவில்லை, உள்ளதை உரைத்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேலை வேண்டி நின்றவரிடம் யான் துறவைக் கொடுத்துவிட்டேன். மருந்து நல்லதே, நோயாளி வேறு.

விழைவும் வேட்கையும்

அன்பர்களே, நம்மில் பலருக்கு இவ்வையம் உண்டு. வேட்கையை ஒழிக்கச் சொல்லும் மார்க்கத்தில் நிற்பவன், முதுமையில் ஒரு குறிக்கோளை வைத்துக்கொண்டு அதனை அடைய முயலலாமா? அதுவும் ஆசை அல்லவா?

இவ்வினா புதியதன்று. கோசம்பி நகரில் கோசிதர் அளித்த ஆராமத்தில் ஆனந்த தேரர் தங்கியிருந்தபோது, உண்ணாபர் என்னும் பிராமணர் வந்து இதனையே கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. விழைவை விடுதற்கே இம்மார்க்கம் என்று ஆனந்தர் உரைத்தார். அதற்கு வழி யாது என்று அவர் கேட்க, விழைவு, ஊக்கம், சித்தம், ஆராய்ச்சி ஆகிய நான்கின் மேல் எழுந்த ஒருமைப்பாடே வழி என்றார். உண்ணாபர் விடவில்லை. விழைவைக் கொண்டே விழைவை விடுவதாயின் அதற்கு முடிவேது என்று மடக்கினார். ஆனந்தர் அவரையே சான்றாக்கினார். இந்த ஆராமத்திற்கு வரவேண்டும் என்ற விழைவு புறப்படுமுன் உமக்கு இருந்ததன்றோ? வந்து சேர்ந்தபின் அது தணிந்ததன்றோ? வருவதற்கு எடுத்த முயற்சியும், வழி பற்றிய எண்ணமும், ஆராய்ச்சியும் அவ்வாறே தணிந்தனவன்றோ? உண்ணாபர் உடன்பட்டார்.

இதில் நாம் கற்பது யாது? ஒருவனைச் செய்ய வேண்டியதைச் செய்வித்து, செய்து முடிந்ததும் அடங்குவது விழைவு. பாலியில் அதனைச் சந்தம் என்பர். கிடைத்தாலும் அடங்காது இன்னும் இன்னும் என்று எரிவது வேட்கை. அதனைத் தண்ஹா என்பர். பகவான் விடச் சொன்னது எரியும் வேட்கையை. வழிநடத்தும் விழைவையோ அவர் மார்க்கத்தின் முதற்படியாக வைத்தார். யான் அப்பெரியவரிடம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன். வண்டியின் தீயை அணைக்கச் சென்றவன் சக்கரத்தையும் கழற்றியது போலாயிற்று.

ஆனந்தர் கூறிய அந்நான்கும் இத்திபாதங்கள் எனப்படும். இத்தி என்பது நிறைவேற்றம். பாதம் என்பது அதற்கு அடித்தளம். தியானத்திற்குச் சொல்லப்பட்டவையாயினும், எந்த நற்செயலையும் தொடங்கி முடிக்க இவை போதும். ஓய்வு பெற்றவன் குறிக்கோள் கொள்ள வேண்டிய முறையும் இதுவே.

நம் நகரில் ஒரு சான்று

இந்நகரில் யாவரும் அறிந்த ஒருவரைச் சான்றாகக் காட்டுகிறேன். அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவரல்லர். எம்மதத்தார் என்பதும் நமக்கு வேண்டுவதில்லை. நற்செயல் எங்கிருப்பினும் கற்பது உபாசகர் கடமை.

கங்காதர திலக் கட்னம் என்பவர் ரயில்வேயில் 35 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பின்னர் ஒரு கம்பெனியில் ஆலோசகராக அமர்ந்தார். 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் காரில் செல்லும்போது, சாலைக்குழியில் தேங்கிய சேற்றுநீர் பள்ளி செல்லும் சிறுவர்மீது தெறித்தது. அவர் மனம் கூசினார். தம் பணத்தில் ஏறத்தாழ 5,000 ரூபாய் செலவிட்டு, நிரப்பும் பொருளைத் தருவித்து, அவ்வழியிலிருந்த குழிகளை அடைத்தார். அதன்பின் எங்கே குழி கண்டாலும் காரை நிறுத்தி அடைப்பது அவர் வழக்கமாயிற்று. தாரும் சரளையும் கலந்த பொருளைச் சாக்குப் பைகளில் நிரப்பிக் காரிலேயே எடுத்துச் சென்றார். ஓராண்டு சென்றபின் அந்த ஆலோசகர் வேலையையும் விட்டு, முழு நேரமும் இதனையே செய்தார். அவருடைய மனைவியார் வெங்கடேசுவரி அம்மையாரும் உடன் நின்றார். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த செய்திகளின்படி, 11 ஆண்டுகளில் அவ்விருவரும் அடைத்த குழிகள் 2,000-க்கு மேற்பட்டவை. செலவு சுமார் 40 லட்சம் ரூபாய். அதில் பெரும்பங்கு அவருடைய ஓய்வூதியம்.

"அவருக்கு ரயில்வே ஓய்வூதியம், நமக்கு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேட்பது நியாயமே. பணத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அவர் செய்த முறையை நோக்குங்கள். நகரத்தின் சாலைகளையெல்லாம் செப்பனிடுவேன் என்று அவர் தொடங்கவில்லை. கண்முன் இருந்த குழியை அடைத்தார்.

முதல் அடித்தளம்: விழைவு

குறிக்கோள் பிறர் கொடுத்ததாயின் நிலைக்காது. 30, 40 ஆண்டுகள் மேஸ்திரி சொன்னதைச் செய்தோம். சங்கு ஊதியபோது ஓடினோம். ஓய்வு பெற்றபின் மகன் சொன்னதற்காகவும், அண்டைவீட்டார் செய்கிறார் என்பதற்காகவும் ஒன்றைத் தொடங்கினால், அதுவும் கூலியில்லா ஆலை வேலையாகிவிடும். "எதைக் கண்டு என் மனம் கூசுகிறது? எது நடந்தால் என் நெஞ்சு குளிரும்?" என்று தன்னையே கேட்டு விடை காணல் வேண்டும்.

குறிக்கோளைச் சொல்லும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. "என் மகன் குடியை விட வேண்டும்" என்பது நல்ல விருப்பம். ஆனால் அது மகன் கையில் இருக்கிறது. "மாலைதோறும் அவன் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்து, அவனோடு அமர்ந்து உண்பேன்" என்பது என் கையில் இருக்கிறது. பிறர் கையிலிருப்பதைக் குறிக்கோளாக்கினால் ஏமாற்றமும் சினமும் வளரும். அங்கே விழைவு வேட்கையாகத் திரியும். தன் கையிலிருப்பதை ஆக்கினால் ஒவ்வொரு நாளும் நிறைவேற்றத்தைக் காணலாம்.

இரண்டாம் அடித்தளம்: ஊக்கம்

ஊக்கம் என்றதும் இளைஞரின் வலிமை என்று எண்ணுகிறோம். பிக்குணிகளுள் ஊக்கத்தில் தலைசிறந்தவர் என்று பகவானால் புகழப்பட்ட சோணா தேரியார் முதுமையில் துறவு பூண்டவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, உடைமையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபின், அப்பிள்ளைகளாலேயே மதிக்கப்படாமற் போனவர். இரவில் இருளில் விழுந்துவிடாதபடி ஒரு தூணைப் பற்றிக்கொண்டு, அதனைச் சுற்றி நடந்தே தியானப் பயிற்சி செய்தார் என்று உரைகள் கூறும். அவருக்கு இளைஞரின் கால்கள் இல்லை, தூண் இருந்தது. நமக்கும் உடலின் குறைவுக்கேற்ற ஒரு தூணைத் தேடிக்கொள்ளலாம், நடையை விடலாகாது.

நூற்பாலைத் தோழர்கள் அறிந்த ஓர் உண்மை உண்டு. இழை அறுந்தால் அப்போதே ஒட்ட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். பின் மிஷினை நிறுத்திக் கத்தியால் அறுத்தெடுக்க நேரும். முதுமையில் கொண்ட உறுதியும் இவ்வாறே. காய்ச்சல் வரும், உறவினர் வருவர், ஒருநாள் தவறும். தவறியதற்காக வருந்திக்கொண்டிருந்தால் சோம்பல் சுற்றிக்கொள்ளும். மறுநாள் காலையிலேயே ஒட்டிவிட்டால் நூல் நூலாகவே ஓடும்.

மூன்றாம் அடித்தளம்: சித்தம்

ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் பலர் பத்துக் குறிக்கோள்களைச் சொல்வர். புத்தகயை யாத்திரை போக வேண்டும். ஊரில் மனை வாங்க வேண்டும். தெலுங்கு எழுதக் கற்க வேண்டும். உடலை இளைக்கச் செய்ய வேண்டும். சங்கத்திற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் பத்தும் மறந்துபோகும். ஒரே நேரத்தில் பத்துக் கதிரைப் பார்க்கலாம் என்று ஆலையில் பழகிய நமக்கு இது வியப்பே. ஆனால் அங்கே கதிரைச் சுழற்றியது மின்சாரம். இங்கே சுழற்ற வேண்டியது நம் சித்தம். ஆகவே ஒன்றைப் பிடியுங்கள். அது வழக்கமாகிய பிறகு மற்றொன்றைச் சேர்க்கலாம்.

அந்த ஒன்றுக்கு நாளில் ஓர் இடம் கொடுங்கள். ஆலைக் காலத்தில் ஷிப்டு நமக்கு இடம் வகுத்தது. இப்போது நாமே வகுக்க வேண்டும். காலை ஆறு முதல் ஏழு என்று வைத்தால், அந்த ஒரு மணியைச் சுற்றி மற்ற மணிகள் தாமே ஒழுங்குபடும்.

நான்காம் அடித்தளம்: ஆராய்ச்சி

செய்வதை இடையிடையே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமி உபோசதத்திலும் மூன்று கேள்விகள் போதும். சொன்னதைச் செய்தேனா? செய்ததனால் யாருக்கு நன்மை, யாருக்கு இடைஞ்சல்? அடுத்த திங்களில் எதை மாற்ற வேண்டும்?

முதியவர்க்கு இது கடினம். திருத்தம் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. சாவத்தி நகரில் இராதர் என்ற ஏழை முதியவர் விகாரையில் சிறு பணிகள் செய்து வந்தார். முதுமை கண்டு அவருக்குத் துறவு தர எவரும் முன்வரவில்லை. அவர் தமக்கு ஒருகால் ஒரு கரண்டி உணவு இட்டதைச் சாரிபுத்த தேரர் நினைவுகூர்ந்து, அவரைச் சீடராக ஏற்றார். இராதர் விரைவிலேயே உயர்நிலை எய்தினார். எதனால் எனில், எத்தனை முறை திருத்தினும் முகம் கோணாது ஏற்றார் என்று சாரிபுத்தரே அவரைப் போற்றினார். இளையவர் வாயிலிருந்து வந்தாலும் திருத்தம் திருத்தமே.

பணமும் உடலும்

இனிப் பணத்தைப் பற்றிக் கூறுவேன். குறிக்கோள் கொள்ளுமுன் கையிலுள்ளதை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கின்படி, திங்களை 26 நாளாகக் கொண்டு, பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி உரியது. கடைசிக் கூலி திங்களுக்கு 13,000 ரூபாயாகவும் பணி 20 ஆண்டாகவும் இருந்தால், நாட்கூலி 500. 15 நாளுக்கு 7,500. 20 ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். 1995-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயது முதல் ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்த அளவு 2014 செப்டம்பர் முதல் திங்களுக்கு 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. ஆயிரம் ரூபாயில் ஒரு முதியவர் எவ்வாறு வாழ்வது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு எச்சரிக்கைகள் செய்கிறேன். ஒன்று, பணிக்கொடையும் சேமநிதியும் கையில் வந்த திங்களிலேயே அதனைப் பகிர்ந்து கொடுத்துவிடாதீர்கள். கலியாணச் செலவுக்கும், இரட்டிப்பாக்கித் தருவேன் என்பவருக்கும் கொடுத்துவிட்டுச் சோணா தேரியாரைப் போல் நிற்க நேரும். கோலிய நாட்டுத் தீகஜாணு என்ற இல்லறத்தாருக்குப் பகவான் போதித்தவற்றுள் ஒன்று, தராசு பிடிப்பவன் இரு தட்டையும் நோக்குவது போல வரவையும் செலவையும் நோக்கி வாழ்தல். வரவுத்தட்டு இலேசானபின் அதனை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். இரண்டு, நம்போன்றோர் கொள்ளும் குறிக்கோள் செலவில்லாததாக, அல்லது செலவு மிகக் குறைந்ததாக இருக்கட்டும். நமக்கு மிஞ்சியது நேரம். அதனையே முதலாக்குவோம்.

உடலுக்கும் ஒரு சொல். நோயுற்ற முதியவரான நகுலபிதா பகவானை வணங்கி ஆறுதல் வேண்டியபோது, உடல் நோயுற்றாலும் மனம் நோயுறாதபடி பயிலுமாறு அவர் அறிவுறுத்தினார். உடல் என்றும் திடமாயிருக்கும் என்று அவர் ஆசை காட்டவில்லை. முழங்கால் வலி உள்ளவர் நடந்து செய்யும் பணியைக் குறிக்கோளாக்க வேண்டாம். அமர்ந்து செய்யும் பணி எத்தனையோ உண்டு.

உபாசிகைகளுக்கும் அவர்தம் கணவன்மார்க்கும் ஒன்று கூற வேண்டும். ஆலைக்கு ஓய்வு வயது உண்டு, அடுப்படிக்கு இல்லை. கணவர் வீட்டில் அமர்ந்ததும் காலை பத்து மணிக்கு ஒரு காப்பி, நான்கு மணிக்கு ஒன்று என்று மனைவியின் வேலை கூடுகிறது. ஓய்வு பெற்றவர் கொள்ளும் முதல் உறுதி, தம் மனைவிக்கு நாளில் ஒரு மணி நேரமேனும் ஓய்வு கிடைக்கச் செய்வதாக இருப்பின், அதனினும் சிறந்த தானம் வேறில்லை.

முடிவு காணாமற் போனால்?

"தொடங்கி முடிக்குமுன் இறந்துவிட்டால்?" என்று கேட்போர் உண்டு. நம் முன்னோர் வாழ்வே விடை தரும்.

பண்டிதர் அயோத்திதாசர் பிறந்தது 1845-இல். சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை அவர் தொடங்கியது 1907 ஜூன் 19-ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 62. ஓய்வு கொள்ளும் வயதில் அச்சுக்கூடக் கடனையும் வாரந்தோறும் எழுதும் சுமையையும் ஏற்றார். 1914-இல் மறையும்வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அதனை நடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் நடுவே அப்பத்திரிகை மீண்டும் உயிர்பெற்றதை அவர் காணவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1951-இல் மத்திய மந்திரி பதவியைத் துறந்தபின், சர்க்கரை நோயோடு போராடிக்கொண்டே 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலை எழுதி முடித்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். நூல் அச்சாகி வந்தது 1957-இல். அவர் அதனைக் கையில் ஏந்தவில்லை, நாம் ஏந்துகிறோம்.

பலனைக் காண்பது நம் கையில் இல்லை. இன்றைய பக்கத்தை எழுதுவதும் இன்றைய குழியை அடைப்பதும் நம் கையில் உண்டு.

பெரியவர் கொண்ட உறுதி

இவற்றையெல்லாம் கற்றபின் யான் அம்மூத்தவரிடம் மீண்டும் சென்றேன். உசேன் சாகர் கரைக்கு அவரை அழைத்துச் சென்று, நீர்நடுவே நிற்கும் பகவானின் திருவுருவம் தெரியுமிடத்தில் அமர்ந்து, "அண்ணே, அன்று நான் சொன்னது பிழை. பொறுத்தருள வேண்டும்" என்றேன். அவர் நெடுநேரம் சிலையையே பார்த்திருந்தார். அச்சிலை 1990 மார்ச் 10-ஆம் நாள் கொண்டுசெல்லும்போது ஏரியில் மூழ்கியது, உயிர்களும் பலியாயின. ஏரியடியில் இரண்டாண்டுக்கு மேல் கிடந்து, பின் எடுக்கப்பட்டு, 1992 டிசம்பர் 1-ஆம் நாள் பீடத்தில் நிறுத்தப்பட்டது. "தம்பி, அந்தக் கல்லைத் தூக்க ஆட்கள் இருந்தார்கள்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பொருள் விளங்கியது. உறுதி கொள்பவனுக்குக் கல்யாணமித்திரர், அதாவது நல்ல நண்பர், வேண்டும். வாரம் ஒருமுறை வந்து கேட்பேன் என்று வாக்களித்தேன். "நாளைக் காலையில் எதைச் செய்தால் உங்கள் மனம் குளிரும்?" என்று வினவினேன். அவர் நாணத்தோடு சொன்னார். அவருடைய பேத்தி பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. தமக்குக் கண் மங்கி வருகிறது. நம் சங்கத்து இதழை அவள் தமக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்து மறுக்கப்பட்ட குலத்தில் தாம் தட்டுத்தடுமாறிக் கற்ற எழுத்து தம்மோடு போய்விடக் கூடாது. இதுவே அவர் விழைவு.

அதனை அவர் கையிலிருக்கும்படி திருத்திக்கொண்டோம். "மாலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் பலகையோடு அமர்வேன்" என்பதே உறுதி. முதல் திங்கள் நன்றாக நடந்தது. இரண்டாம் திங்களில் சிறுமி வர மறுத்தாள். பௌர்ணமியன்று ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. எழுத்துத் தவறினால் பெரியவர் மேஸ்திரி போல அதட்டியிருக்கிறார்! அவளே அதைச் சொன்னாள். அவர் இராதரைப் போல ஏற்றுக்கொண்டார். பின் அதட்டல் நின்றது. அவள் தோழர் இருவரும் வந்து சேர்ந்தனர். ஓராண்டு நிரம்பிய வைசாகத்தன்று அச்சிறுமி சங்கத்தில் எழுந்து நின்று, இவ்விதழின் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான்கு இடத்தில் தவறினாள். பெரியவர் ஒன்றையும் திருத்தவில்லை.

அன்று உணவுக்கு அமர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று அவர் தம் மனைவியாரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

இவ்வாரப் பயிற்சி

1. உங்கள் கண்முன் உள்ள குறைகளுள் எது உங்கள் மனத்தைக் கூசச் செய்கிறது? ஒன்றை மட்டும் எழுதுக. எழுத இயலாதவர் மற்றொருவரிடம் சொல்க.

2. அதன்பொருட்டு உங்கள் கையில் உள்ள செயல் யாது? எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் செய்வீர்கள்?

3. அதற்குப் பணம் எவ்வளவு தேவை? செலவில்லாமல் செய்ய வழி உண்டா?

4. வாரம் ஒருமுறை உங்களைக் கேட்கும் நண்பர் யார்? நீங்கள் யாரைக் கேட்பீர்கள்?

5. விழைவுக்கும் வேட்கைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்தே ஓர் உதாரணம் காட்டி விளக்குக.

விடைகளை அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குக் கொண்டு வருக. யானும் என் விடையைக் கொண்டு வருவேன். எனக்கும் 58 வயது நெருங்குகிறது.

அனைவருக்கும் மங்களம் உண்டாகுக.